சுவருக்கு விட்டுக்கொடுத்த பாடம்

பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறையின் சுவரை நாம் அனைவரும் அறிவோம். அறிந்தும் அறியாதவர்போல் கடந்து செல்வோம். ‘இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா? கனவில் விந்து வெளியேறுகிறதா? உறுப்பு சிறுத்துவிட்டதா?’ என்று கேள்விமேல் கேள்வி அடுக்கி, மாதத்தின் இன்ன தேதியில் இன்ன விடுதியின் இன்ன அறையில் பரம்பரை வைத்தியர் தங்குவார் என்று அறிவிக்கும் மஞ்சள் தாள் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். அதன்மேல் இன்னொரு தாள், அதன்மேல் மற்றொன்று. இன்று அத்தாள் கைப்பேசித் திரைக்கும் குடிபெயர்ந்துவிட்டது. மறைக்கல்வி வகுப்பு தொடாத, பள்ளியில் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் தாண்டிச் சென்ற, வீட்டிலோ எவரும் வாய் திறவாத ஒரு பாடத்தை நம் ஆண்பிள்ளைகளுக்குத் தவறாமல் கற்பித்து வரும் ஆசிரியர் அந்தச் சுவர்தான். கற்பிப்பது முழுவதும் பொய் என்பதுதான் துயரம்.

இவ்விளம்பரம் சட்டப்படி குற்றம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பாலின்ப ஆற்றலைப் பெருக்குவதாகச் சொல்லி மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவங்கள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. முதன்முறை குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஆறு மாதம் வரையிலும், மறுமுறை ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. சட்டம் பிறந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சுவரில் பசைதான் இன்னும் காயவில்லை. இதற்குக் காவல்துறையைக் குறைகூறிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள இயலாது. தாளை ஒட்டுகிறவன் விற்பது லேகியத்தை; அதை வாங்கும் அச்சத்தை அவனுக்கு இலவசமாக உற்பத்தி செய்து கொடுப்பவர்கள் நாம்.

அந்த அச்சத்தின் ஆணிவேர் ஒரு கணக்கு. ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம் என்பது அக்கணக்கு. சிலர் அறுபது என்பர். பெருந்தன்மையுள்ள வைத்தியர் நூறு என்பார். உணவு இரத்தமாகி, இரத்தம் தசையாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மச்சையாகி, இறுதியில் விந்தாக முதிர்கிறது என்ற பழைய ஏழு தாதுக் கொள்கையிலிருந்து இது கிளைத்தது. இது நம் நாட்டுக்கே உரிய மூடநம்பிக்கை என்று எண்ணி எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் லொசான் நகர மருத்துவர் திஸோ என்பவர் சுய இன்பத்தால் விளையும் கேடுகள் என்று ஒரு நூலை 1760ஆம் ஆண்டு பிரெஞ்சில் வெளியிட்டார். ஓர் அவுன்சு விந்தை நாற்பது அவுன்சு இரத்தத்தோடு ஒப்பிட்ட அதே கணக்கு அவர் பெயரிலும் வழங்குகிறது. குருடாவது, பைத்தியம் பிடிப்பது, முதுகெலும்பு உருகுவது என்று அந்நூல் கிளப்பிய பீதி ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பாவை ஆட்டிப் படைத்தது. மேலை மருத்துவம் அதைக் குப்பையில் எறிந்து வெகுகாலம் ஆகிறது. நம் விடுதி அறைகளிலோ அது சித்தர் இரகசியம் என்ற பெயரில் இன்னும் விலைபோகிறது.

உண்மைதான் என்ன? விந்து இரத்தத்திலிருந்து காய்ச்சி வடிக்கப்படுவதன்று. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீர்ப்பைக்குப் பின்னே இருக்கும் இரு விந்துப்பைகளில் சுரக்கும் நீர். அதில் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் பழச்சர்க்கரை உண்டு. கால் பங்கு அளவு புரோஸ்டேட் சுரப்பியின் நீர். விந்தணுக்களின் பங்கோ நூற்றில் இரண்டு முதல் ஐந்து வரைதான். ஒரு முறை வெளியேறுவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. வாயில் எச்சில் ஊறுவதுபோல் இது ஊறிக்கொண்டே இருக்கிறது. வெளியேறாவிட்டாலும் அணுக்கள் முதிர்ந்து, சிதைந்து, உடலாலேயே உறிஞ்சப்படுகின்றன. பதின்மூன்று பதினான்கு வயதில் உறக்கத்தில் விந்து வெளியேறுவது, பெண்பிள்ளை பூப்பெய்துவதைப் போல, உடல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம். பெண்பிள்ளைக்கு நாம் பந்தல் போட்டு, மாமன் சீர் வைத்து, உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம். அது வேண்டுமா என்பது வேறு விவாதம். ஆண்பிள்ளைக்கோ ஒரு சொல்கூட இல்லை. அதிகாலையில் எழுந்து தன் கால்சட்டையைத் தானே துவைக்கும் சிறுவன், தனக்கு ஏதோ தீராத நோய் வந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டு அன்றைக்குப் பள்ளிக்குப் போகிறான்.

இந்த அச்சத்துக்கு மருத்துவ உலகில் ஒரு பெயரே உண்டு. உளநல மருத்துவர் என். என். விக் 1960ஆம் ஆண்டு இதனைத் ‘தாது’ நோய்க்குறித் தொகுதி என்று பெயரிட்டு விவரித்தார். சிறுநீரில் விந்து போகிறது என்ற நம்பிக்கை. அதனால் அசதி, படபடப்பு, உறக்கமின்மை, படிப்பில் கவனமின்மை, மனச்சோர்வு. சோதித்தால் சிறுநீரில் குறை ஏதும் இராது. நோய் நம்பிக்கையில் இருக்கும். நமக்குத் தெரிந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், வயலை அடகு வைத்துத் தந்தை அனுப்பிய தேர்வுக் கட்டணத்தை ஒரு விடுதி அறையில் கொடுத்துவிட்டு இரண்டு டப்பா லேகியத்தோடு திரும்பினார். அவருக்கு இருந்தது நோயன்று, பதினெட்டு வயது. பத்து நிமிடம் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல ஒரு மூத்தவர் இருந்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும். தேர்வும் தப்பியிருக்கும்.

இங்கே ஒரு வாசகர் முகம் சுளிப்பது நமக்குத் தெரிகிறது. ‘சுய இன்பம் பாவமில்லையா? அதை நியாயப்படுத்துகிறீர்களா?’ என்பார். அறநெறியை ஒப்புரவுத் தொட்டியிலும் மனச்சான்றிலும் பேசலாம். பேச வேண்டிய இடம் அதுதான். ஆனால் நெறியைக் காக்க நோயைப் பொய்யாகப் புனைவது எந்த நெறி? கண் போகும், நரம்பு தளரும், பிள்ளை பிறக்காது என்று சொல்லி அச்சுறுத்தப்பட்டவன், ஒருநாள் அது பொய்யென்று கண்டுகொள்வான். அன்று பொய்யோடு சேர்த்து, அதைச் சொன்ன நம்மையும் நாம் சொன்ன மெய்யையும் அவன் தள்ளிவிடுவான்.

இனி நம் மொழிக்கு வருவோம். தென்னையில் குரும்பை என்போம், இளநீர் என்போம், பாளை, மட்டை, பன்னாடை என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். இத்தனை சொல்வளம் உள்ள நாம், ஆண்மகனின் அடிவயிற்றுக்குக் கீழே வந்ததும் ஊமையாகிவிடுகிறோம். குழந்தையிடம் கொஞ்சு சொல், தெருவில் வசைச் சொல், பெரியவர்களிடம் ‘அந்த இடம்’. இவற்றுக்கு நடுவே சொல்லே இல்லையா? ஆண்குறி, முன்தோல், விரை, விரைப்பை, விந்து நாளம் என்று கண்ணியமான சொற்கள் இருக்கத்தான் இருக்கின்றன. அவற்றை உச்சரிக்க நம் நாவுக்குத்தான் துணிவில்லை. சொல்லில்லாத உறுப்புக்கு நோய் வந்தால் அதை எப்படிச் சொல்வது?

இது வெறும் மொழியாராய்ச்சியன்று. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரவு பத்து மணியளவில் திடீரென ஒரு பக்க விரையில் பொறுக்க முடியாத வலி. அம்மாவிடம் ‘வயிறு வலிக்குதும்மா’ என்றான். அவனிடம் இருந்த சொல் அதுதான். அந்தத் தாய் ஓமத் தண்ணீர் கொடுத்தார். பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினார். வாந்தி எடுத்தபோது இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணினார். தந்தை எழுந்து பார்த்துவிட்டு, காலையில் பார்க்கலாம் என்றார். மறுநாள் நண்பகலில் மருத்துவரின் மேசைமேல் படுக்க வைக்கப்பட்ட பிறகே எங்கே வலி என்பது வெளிப்பட்டது. விரை தன் இரத்தக் குழாயோடு முறுக்கிக்கொண்டிருந்தது. பதினான்கு மணி நேரமாக இரத்த ஓட்டம் இல்லை. கறுத்துப்போன அந்த விரையை அகற்ற வேண்டியதாயிற்று. இந்த முறுக்கம் பெரும்பாலும் பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட வயதில்தான் வருகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் விரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மறுபக்கத்து விரையையும் அப்போதே தையலிட்டு நிலைநிறுத்திவிடுவார்கள். ‘திடீரென்று விரையில் வலித்தால், நள்ளிரவானாலும் என்னை எழுப்பு’ என்று ஒரு தந்தை ஒருமுறை சொல்லி வைத்திருந்தால் போதும். இத்தகைய எச்சரிக்கையைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் நாம் நம் பிள்ளைகளின் கற்பைக் காத்துக்கொண்டிருக்கிறோம்!

ஆகவே, கூச்சத்தை ஒரு நாழிகை ஒதுக்கி வைத்துவிட்டு, அறிய வேண்டியதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவது படைப்பின் பிழையன்று. உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்த வெப்பத்தில்தான் விந்தணு உருவாக முடியும். அதனால்தான் குளிரில் பை சுருங்கி உடலோடு ஒட்டுகிறது. வெயிலில் தளர்ந்து தொங்குகிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் இராது. பலருக்கு இடது சற்றுத் தாழ்ந்திருக்கும். இதைக் கண்டு ‘ஒன்று இறங்கிவிட்டது’ என்று கலங்கி வைத்தியரைத் தேடியவர்கள் உண்டு. ஒவ்வொரு விரையிலும் நூலிழை போன்ற நுண்குழல்களில் அணுக்கள் உருவாகின்றன. பின்புறம் ஒட்டியிருக்கும் சுருள்குழலில் தங்கி அவை முதிர்கின்றன. அந்தக் குழலை நீட்டினால் ஏறத்தாழ ஆறு மீட்டர் வரும். தொடக்கம் முதல் முதிர்ச்சி வரை இரண்டரை மூன்று மாதம் ஆகும். விந்தும் சிறுநீரும் ஒரே வழியில் வந்தாலும் ஒரே வேளையில் வருவதில்லை. விந்து வரும்போது சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்கிறது. விரையிலேயே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற இயக்குநீர்தான் மீசையையும் குரலையும் தசையையும் தருகிறது.

ஆண்குழந்தை பிறந்ததும் பையில் இரண்டு விரைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது பெற்றோரின் கடமை. இறங்காமல் வயிற்றிலோ தொடையிடுக்கிலோ தங்கிவிட்டால் சில மாதங்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குப் பின்னும் இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கிவிட வேண்டும். ‘வளர வளர வந்துவிடும்’ என்று பாட்டி சொல்வதைக் கேட்டுப் பத்து வயதுவரை காத்திருந்தால், பின்னாளில் பிள்ளைப் பேற்றுக்கும் குறை. புற்றுநோய் வாய்ப்பும் கூடுதல். பச்சிளம் குழந்தைக்கு முன்தோல் ஒட்டியே இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அதை வலிந்து பின்னுக்குத் தள்ளுவது கொடுமை. அது தானே விலகச் சில ஆண்டுகள் ஆகும். விலகிய பிறகு, அன்றாடம் பின்தள்ளித் தண்ணீரால் கழுவி, மீண்டும் முன்னுக்குக் கொண்டுவரச் சிறுவனுக்குக் கற்பித்தால் போதும். சோப்பை நுரைக்கத் தேய்க்க வேண்டியதில்லை. வலியில்லாத கட்டி ஒன்று விரையில் தட்டுப்பட்டால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. விரைப் புற்றுநோய் முதியவர்களின் நோயன்று. இருபது முப்பது வயது இளைஞர்களுக்கு வருவது. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் முற்றாகக் குணமாவது.

பொன்னுக்கு வீங்கி சிறுவயதில் வந்தால் கன்னத்தோடு போய்விடும். பருவம் அடைந்தபின் வந்தால் சிலருக்கு விரையும் வீங்கும். அணு உற்பத்தி குறையவும் கூடும். ஓதம் என்று நாம் வழங்கும் விரைவீக்கம் காவிரிப் படுகையில் யானைக்கால் நோயோடு சேர்ந்து பலரை வாட்டிய நோய். வேட்டியை ஏற்றிக் கட்டி அதை மறைத்துக்கொண்டே நாற்பது ஆண்டுகள் உழுதவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சிறிய அறுவையில் தீர்ந்துவிடும் தொல்லை அது. வெட்கம்தான் அறுவைக்கு அகப்படவில்லை.

‘காலம் வந்தால் தானே தெரிந்துகொள்வான், நாம் சொன்னால் கெட்டுப்போவான்’ என்பது நம் பெரியோரின் எதிர்வாதம். காளைக்குக் காயடிப்பதைக் களத்துமேட்டில் நின்று பார்த்து வளர்ந்த தலைமுறை அப்படிச் சொல்லலாம். அவர்களுக்கு ஓரளவு தெரிந்துதான் இருந்தது. இன்றைய பிள்ளை காளையையே கண்டதில்லை. அவனுக்குத் தானே தெரிய வருவது கைப்பேசியில் ஓடும் ஆபாசப் படம். அதிலுள்ள அளவும் நேரமும் ஆவேசமும்தான் ஆண்மையின் இலக்கணம் என்று பதினைந்து வயதில் அவன் முடிவு கட்டிவிடுகிறான். தன்னை அதோடு ஒப்பிட்டுத் தாழ்ந்துபோகிறான்; நாளை தன் மனைவியையும் அப்படியே ஒப்பிடுவான். நாம் வாய் மூடியதால் அவன் அறியாதிருக்கவில்லை. தவறாக அறிந்துகொண்டான். 2007ஆம் ஆண்டு மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பண்பாட்டின் பெயரால் நிறுத்தியபோது, நம்மில் பலர் உள்ளூர மகிழ்ந்தோம். திருச்சபையும் இக்கல்வியை எதிர்க்கிறது என்று நினைத்துக்கொண்டோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, சிறுவருக்கும் இளையோருக்கும் வயதுக்கேற்ற, நிதானமான பாலியல் கல்வி வேண்டும் என்றே கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதிய ‘அன்பின் மகிழ்வு’ மடலிலும் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. நம் மௌனத்துக்குத் திருச்சபை காரணமன்று. அதைச் சாக்காக்கிக்கொண்டது நாம்.

மௌனத்தின் கூலியைப் பெண்கள் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். திருமணமாகி ஈராண்டில் குழந்தை இல்லையென்றால் மருமகளைத்தான் மருத்துவரிடம் அனுப்புகிறோம். திருத்தலத்தில் தொட்டில் கட்டச் சொல்கிறோம். மலடி என்ற சொல்லுக்கு ஆண்பால் இருப்பதே நம் நாவுக்குத் தெரியாது. பிள்ளைப்பேறு தாமதமாகும் இணையரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் காரணமாகவோ, காரணங்களுள் ஒன்றாகவோ இருக்கிறது. அதை அறிய ஆகும் சோதனை மிக எளியது, மலிவானது, வலியற்றது: விந்துப் பரிசோதனை. பெண்ணுக்கோ ஊசியும், கருவிகளை உட்செலுத்தும் சோதனைகளும், மயக்க மருந்தும். எளிய சோதனையை முதலில் செய்வதுதானே அறிவு? ‘எனக்கொன்றும் குறையில்லை’ என்று மீசையை முறுக்கும் மகனுக்கு ஆதரவாக மாமியாரும் சேர்ந்துகொள்ள, மூன்று ஆண்டுகள் மருமகளுக்கு மட்டுமே மருந்து கொடுத்த இல்லங்கள் நம் அன்பியங்களிலேயே உண்டு. ஆண்மை வேறு, அணு எண்ணிக்கை வேறு. உறவில் குறையே இல்லாதவருக்கும் அணு குறைவாக இருக்கலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்களைக் கீழ்வரம்பாகக் குறிக்கிறது. இதை மீசையால் எண்ண முடியாது.

பெண் குழந்தை பிறந்ததற்காகத் தாயைக் கடிந்துகொள்வது இன்னும் பெரிய அறியாமை. தாயின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் என்னும் ஒரே வகைப் பால்மரபுத்திரி. தந்தையின் அணுவில்தான் எக்ஸ் அல்லது ஒய் என இரண்டில் ஒன்று இருக்கிறது; எது முந்துகிறதோ அதன்படி குழந்தையின் பால் அமைகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளிப்பாலைப் பற்றி நாடே பேசிய பிறகு, 1992ஆம் ஆண்டு தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாவதும் பெண்ணா என்று கேட்டு மருமகளைத் தாய்வீட்டுக்குத் துரத்திய ஆண்களில் எவருக்காவது தம் விந்தின் இந்த எளிய உண்மை தெரிந்திருக்குமா? யார் மீதும் பழியில்லை, அது தற்செயல். பழி போட்டே தீருவோம் என்பவர்கள் முகவரியையாவது சரியாக எழுதட்டும்.

நடுவயதினருக்கும் சுவர் வலை விரித்திருக்கிறது. விறைப்புக் குறைபாட்டை ‘ஆண்மைக் குறைவு’ என்று பெயரிட்டதே வணிகம். ஆண்குறி விறைப்பது எலும்பாலோ நரம்பு முறுக்கத்தாலோ அன்று. அதன் உட்பஞ்சில் இரத்தம் நிரம்புவதால். ஆகவே இரத்தக் குழாயைக் கெடுக்கும் எதுவும் அதைக் கெடுக்கும். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகை, குடி. நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதோ ஓரளவில் இக்குறை உண்டு. மெல்லிய குழாய் முதலில் அடைபடும் என்பதால், இதயக் கோளாறு வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது தலைகாட்டலாம். அதாவது, இது மாரடைப்பு அனுப்பும் முன்னோலை. அதைப் பெற்றவர் போக வேண்டிய இடம் சர்க்கரையும் இதயமும் பார்க்கும் மருத்துவரிடம், போவதோ லேகியக்காரரிடம். மூலிகைப் பொடி என்று விற்கப்படும் பலவற்றில் சில்டெனாஃபில் என்னும் ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்துள்ளன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் அதை உண்டால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்து. முன்தோல் அடிக்கடி வெடிப்பதும் அரிப்பதும்கூடச் சர்க்கரையின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதைப் போய் எவரிடம் காட்டுவது என்று களிம்பு தடவிக்கொண்டே இருப்பவர்கள் நம்மிடையே பலர்.

பால்வினை நோயைப் பற்றிப் பேசினால் பங்கிலே முணுமுணுப்பு எழும். நோய் முணுமுணுப்புக்கு அஞ்சுவதில்லை. 1986ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இந்தச் சென்னை மாநகரில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். நல்ல குடும்பத்துக்கு வராது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கையில், கணவரைத் தவிர எவரையும் அறியாத இல்லத்தரசிகளுக்கு வந்து சேர்ந்தது. இன்று அதற்கு மருந்து உண்டு. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக மருந்துண்டு கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டவரிடமிருந்து உறவின் வழியே நோய் பரவுவதில்லை. கிரந்திப் புண் வலிக்காது; சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆறியதால் நோய் போய்விட்டதென்று பொருளல்ல, உள்ளே இறங்கிவிட்டதென்று பொருள். பெனிசிலினால் தீர்வது, கவனியாவிட்டால் வயிற்றிலிருக்கும் குழந்தையையும் தாக்கும். வெட்டை நோயில் சிறுநீர் எரியும், சீழ் வரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரையில் அது அடங்கினாலும் வேரறுவதில்லை. கணவர் மட்டும் மறைவாக மருந்துண்டு மனைவியிடம் சொல்லாதிருந்தால், நோய் இருவருக்கிடையே ஊஞ்சலாடும். அவர் செய்தது பாவமா என்பது ஒரு கேள்வி. மனைவிக்குச் சொல்லாதிருப்பது பாவமா என்பதில் கேள்வியே இல்லை.

முதியோரைப் பற்றி ஒரு சொல். சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி நெல்லிக்காயளவில் இருக்கும் புரோஸ்டேட் வயதானால் பெருக்கும், அறுபதில் பாதிப்பேருக்கு. இரவில் நான்கு முறை எழுவதும், முக்கிக்கொண்டு நிற்பதும் முதுமையின் விதியல்ல, மருந்துள்ள தொல்லை. சிறுநீரில் இரத்தம் கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அப்பாவை மகன் கேட்கமாட்டான், மகனிடம் அப்பா சொல்லமாட்டார். சிறுநீர் அடைத்து வயிறு உப்பிய பிறகு நள்ளிரவில் வண்டி தேடுவார்கள்.

பெயரில்லாத உறுப்பின் கொடிய விளைவு இன்னொன்று உண்டு. நடுவணரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட சிறாரில் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். பெண்ணைக் காக்கக் கதவடைக்கும் நாம், பையனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டோம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண், பெண் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் ‘அவர் என் குறியைத் தொட்டார்’ என்று சொல்லச் சொல்லில்லாத சிறுவன் எந்தச் சட்டத்திடம் போவான்? கொடுமை செய்பவர் பெரும்பாலும் பழகியவர்: உறவினர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர். நம் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல என்று உலகெங்கும் திருச்சபை தலைகுனிந்து ஏற்றுக்கொண்டதை இங்கே மறைத்து எழுதினால் இக்கட்டுரையும் அந்த மௌனத்தின் ஒரு பகுதியாகிவிடும்.

விரையை இழந்த சிறுவனைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அவர் இப்போது வளர்ந்த இளைஞர். அண்மையில் அவருக்குத் திருமணம் நிச்சயமாகி, முதல் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிறன்று மாலையில் நம்மைத் தேடி வந்தார். நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘மாமா, ஒண்ணுதான் இருக்கு. குழந்தை பிறக்குமா? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம கட்டுறது தப்பில்லையா?’ என்று கேட்டார். இருக்கும் விரை நலமாக இருந்தால் போதும், பிள்ளைப்பேற்றுக்கும் இல்லறத்துக்கும் குறையில்லை, வேண்டுமானால் ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாம், அந்தப் பெண்ணிடம் தாராளமாகச் சொல்லுங்கள் என்றோம். அறுவை முடிந்து வீடு திரும்பிய நாளிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி. பத்தாண்டுகளாக அவர் வீட்டில் எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அவரும் எவரிடமும் கேட்கவில்லை. மஞ்சள் தாளில் இருந்த விடுதி அறைக்கு மட்டும் இரண்டு முறை போய்வந்திருக்கிறார்.